என் பக்கம் திரும்பிய கேமரா

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதத்தில் தொடங்கியது இது. நான் திருநெல்வேலி பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு சேரன்மகாதேவியில். ஞாயிறு தோறும் காலையில் எங்கள் தெருவில் இருக்கும் சின்ன மண்டபத்தில் இருபது பிள்ளைகளுக்குச் சிவன் மேல் பாடப்பட்ட பதிகங்களைச் சொல்லிக்கொடுப்பேன். எனக்கு நல்ல குரல் உண்டு, கண்டிப்பும் உண்டு. இரண்டைப் பற்றியும் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்போது செல்போனில் ஒரு ஆவணப்படம் வந்தது. இஸ்லாமியப் பிள்ளைகளுக்கு மதம் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளைப் பற்றியது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, முன்னும் பின்னும் அசைந்தபடி ஓதுகிறார்கள். பின்னணியில் திகில் படத்தில் வருவது மாதிரி ஓர் இசை. கனத்த குரல் ஒன்று, பிஞ்சு மனங்கள் எப்படி மூளைச்சலவை செய்யப்படுகின்றன என்று விளக்கிக்கொண்டே போகிறது. பார்த்து முடித்ததும் எனக்குக் கோபமாக வந்தது. கையோடு எங்கள் பள்ளி ஆசிரியர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். 'பெற்றோர் எல்லாரும் கட்டாயம் பார்க்க வேண்டியது' என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

அந்தக் குழுவில் எங்கள் இயற்பியல் டீச்சரும் உண்டு. காயல்பட்டினத்துப் பெண். கணவர் துபாயில் வேலை பார்க்க, பேட்டையில் வீடு எடுத்துப் பிள்ளைகளோடு இருக்கிறாள். எட்டு வருடமாக என் பக்கத்து நாற்காலி. மதியச் சாப்பாட்டில் என் புளிக்குழம்பு பாதி அவளுக்குத்தான் போகும். அனுப்பும்போது அவள் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. 'இவள் அப்படிப்பட்டவள் இல்லையே, இவளுக்கு என்ன' என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் எப்போதும் போலச் சாப்பிட்டாள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அதோடு மறந்துவிட்டேன்.

ஆனி மாதம் ஒரு இளைஞரும் ஒரு பெண்ணும் கேமராவோடு என் ஞாயிறு வகுப்புக்கு வந்தார்கள். பிள்ளைகளும் பக்தியும் பற்றிப் படம் எடுப்பதாக ஒரு வாரம் முன்பே போனில் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முந்தின நாளே வீடு வீடாகப் போய், குளித்துத் திருநீறு பூசிப் பளிச்சென்று வர வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தேன். மூன்று மணி நேரம் எடுத்தார்கள். நானும் அரைமணி நேரத்துக்கு மேல் பேசினேன். வார்த்தை சுத்தம், மூச்சுப் பயிற்சி, திக்கிப் பேசிய ஒரு பையன் பாடிப்பாடிச் சரளமாகப் பேசத் தொடங்கியது என்று என்னென்னவோ சொன்னேன்.

கடைசியில் அந்தப் பெண், பிள்ளைகள் கேள்வி கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே, "பிள்ளையளுக்கு என்ன தெரியும்? முதல்ல மனப்பாடம் ஆவட்டும். கேள்வியெல்லாம் பொறவு" என்றேன்.

இரண்டு மாதம் கழித்துப் படம் வெளிவந்தது. வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்து டிவியில் போட்டேன். என் வகுப்பு வந்ததும் என் கணவர் ஒலியைக் கூட்டினார். வந்தது என் பிள்ளைகளின் பாட்டு இல்லை. அதே திகில் பட இசை. நான் தொடையில் தாளம் போடும் கையை மட்டும் அருகில் காட்டினார்கள். பார்த்தால் அடிக்க ஓங்குவது மாதிரி இருந்தது. அடுத்து ஒரு ஒன்பது வயதுப் பெண் கண்ணீரோடு பாடுகிறாள். அன்றைக்கு அவளுக்குப் பல் ஆடிக்கொண்டிருந்தது, வலியில் அழுதாள். நான் வீட்டுக்குப் போகச் சொல்லியும் கேமராவில் வர வேண்டும் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருந்தாள். அந்தக் கண்ணீரின் மேல் என் குரல்: "பிள்ளையளுக்கு என்ன தெரியும்? கேள்வியெல்லாம் பொறவு." அரைமணி நேரத்தில் அவர்கள் எடுத்துக்கொண்டது அவ்வளவுதான்.

என் கணவர் டிவியை அணைத்தார்.

அடுத்த ஞாயிறு நாலே நாலு பிள்ளைகள் வந்தார்கள். பல் ஆடிய பெண்ணின் அப்பா வந்து, கடையில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள், கொஞ்ச நாள் அனுப்பவில்லை என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். பள்ளியில் விளக்கம் கேட்டு மேலிடத்துக் கடிதம் வந்தது. வாட்ஸ்அப் குழுவில் யாரோ படத்தைப் போட்டிருந்தார்கள். இருபது வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மாலையில் இயற்பியல் டீச்சர் எழுதினாள். 'இந்த டீச்சரை எட்டு வருடமாக எனக்குத் தெரியும். என் மகன் கணக்கில் தேறியது இவரால். இந்தப் படத்தில் இருப்பவர் இவர் இல்லை.' இவ்வளவுதான்.

நான் உடனே அவளைக் கூப்பிட்டேன். நன்றி சொல்ல வந்தது வேறு கேள்வியாக வெளியே விழுந்தது. பங்குனியில் நான் அனுப்பிய படத்தைப் பார்த்தாயா, ஏன் அன்றைக்கு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

 அவள் சொன்னாள்.

"எங்க வாப்பா நாப்பது வருசமா பிள்ளையளுக்கு ஓதிக் குடுக்காவ அக்கா. நானும் அப்படி ஆடி ஆடித்தான் ஓதுனேன். அந்தப் படத்தைப் பாத்துட்டு மூணு நாளு வாப்பாட்ட ஃபோன்ல பேச முடியல. பேசுனா அழுதுருவேன்னு பயம். உங்ககிட்ட என்னன்னு கேக்க?"

அந்த மூன்று நாளும் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் புளிக்குழம்பைச் சாப்பிட்டிருக்கிறாள்.

மறுநாள் விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எங்கே வெட்டியிருக்கிறார்கள், எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக நோட்டில் குறித்தேன். கணக்கு டீச்சர் அல்லவா, ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது, ஒன்றைத் தவிர. 'கேள்வியெல்லாம் பொறவு' என்பதை யாரும் ஒட்டவில்லை. அது நான் சொன்னது. சொன்னது மட்டுமில்லை, அப்படித்தான் வகுப்பும் நடத்தியிருக்கிறேன். அர்த்தம் கேட்ட பிள்ளைகளை எத்தனையோ தடவை 'பாடு முதல்ல' என்று அடக்கியிருக்கிறேன். படம் எடுத்தவர்கள் என்னைப் பற்றிச் சொன்னதில் முக்கால்வாசி அநியாயம். மீதியை நான் ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

விளக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். வகுப்பு பள்ளிக்கு வெளியே, விடுமுறை நாளில் நடப்பது என்பதால் விஷயம் அதோடு முடிந்தது. படம் எடுத்தவர்களுக்கும் ஒரு நீளமான கடிதம் அனுப்பினேன். நேரம் போதாமல் சுருக்கினோம் என்று பதில் வந்தது. படம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பிறகு ஆசிரியர் குழுவில் எழுதினேன். பங்குனியில் நான் அனுப்பிய படத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினேன், அதை அனுப்பியது தவறு, அதனால் புண்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று. நாலு தடவை எழுதி அழித்த பிறகுதான் அனுப்பினேன். மூத்த ஆசிரியர் ஒருவர் உடனே போன் செய்தார். "என்ன டீச்சர், அதுவும் நம்மளதும் ஒண்ணா?" என்று கோபப்பட்டார்.

"வெட்டுன கத்திரி ஒண்ணுதான் சார்" என்றேன்.

பூஜை விடுமுறையில் இயற்பியல் டீச்சரோடு காயல்பட்டினம் போனேன். அவளுடைய வாப்பாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். ஒன்றுக்கும் வேலை இல்லை. நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் என்று மகள் சொன்னதும், "வீட்டுல போய் ஒரு தடவையாவது படிக்குதுவளாம்மா?" என்று கேட்டார். எங்கே படிக்கிறார்கள், எந்நேரமும் செல்போன்தான் என்றேன். "இங்கனயும் அதே கததான்" என்று அலுத்துக்கொண்டார். அவர் பிள்ளைகளைப் பற்றி அவரும், என் பிள்ளைகளைப் பற்றி நானும் ஒரு மணி நேரம் புகார் சொன்னோம். கிளம்பும்போது மட்டும், நான் அனுப்பிய படத்தைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பார்க்கவே இல்லையாம். "பாக்காமலே இருந்துட்டுப் போறேம்மா" என்றார்.

என் வகுப்புக்கு இப்போது பதினாறு பிள்ளைகள் வருகிறார்கள். கடைசி கால்மணி நேரம் அவர்கள் கேட்க, நான் பதில் சொல்ல வேண்டும். முதல் வாரம், திரும்பி வந்திருந்த அந்த ஒன்பது வயதுக்காரி, "நாம பாடுதது சாமிக்குப் பிடிக்கலேன்னா என்ன செய்யும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். பிள்ளைகளுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போனது.

இன்றும் ஆவணப்படங்கள் பார்க்கிறேன். கோபம் வர வேண்டிய இடத்தில் கோபமும் வருகிறது. ஆனால் எதையும் அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன், அந்தப் படத்தில் இருப்பவரின் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்க்கிறேன். பெரும்பாலும் அதற்குப் பிறகு அனுப்பத் தோன்றுவதில்லை.