தாய்மாமன் கொடுத்த எஸ்.எஸ்.டி.

மூன்று மாதம் படித்து, ஒப்பிட்டு, தேர்ந்தெடுத்த ஒரு பொருளை வாங்கத் துணிவில்லாமல் போனவன் நான். பொருள் கிடைக்காமல் போயிருந்தால் கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். டவுனில் ஒரு பெரிய கடையில் கண்ணாடிக்குப் பின்னால் அது இருக்கத்தான் செய்தது.

என் லேப்டாப் பழசு. பொத்தானை அமுக்கிவிட்டு, காபி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால் அப்போதுதான் கண் விழிக்கும். உள்ளே ஹார்ட் டிஸ்க் கரகரவென்று அரைத்துக்கொண்டிருக்கும். அதில்தான் வருஷக்கணக்காக நான் எழுதிவந்த நாவல் இருந்தது. வேறெங்கும் பிரதி கிடையாது. இணையத்தில் ஏற்றிவைக்கச் சொன்னவர்களிடம், யாராவது திருடிவிடுவார்கள் என்றேன். என் முதல் இரண்டு புத்தகங்கள் பதிப்பாளரின் கிடங்கில் எந்தத் திருடனும் தொடாமல் கட்டுக்கட்டாகக் கிடப்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஆகவே ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான, நம்பத்தகுந்த எஸ்.எஸ்.டி. ஒன்று வேண்டியிருந்தது. படிக்க ஆரம்பித்தேன். எது முக்கால்வாசி நிரம்பியதும் நடை தளரும், எது எத்தனை வருஷம் எழுதி அழித்தாலும் தாங்கும், எதற்கு உத்தரவாதம் அதிகம் என்றெல்லாம் நான் பேசத் தொடங்கினால், நண்பர்கள் மாட்டுத்தாவணியில் பஸ் பிடிக்க வேண்டும் என்று எழுந்துவிடுவார்கள். ஒருவழியாக ஒன்றை முடிவு செய்து வாங்கக் கிளம்பினேன். மனைவி வாசலில் மறித்தாள்.

“எங்க கிளம்பிட்டீங்க? வில்லாபுரத்துல தம்பி கடை இருக்குல்ல?”

தம்பி என்றால் அவளுடைய சித்தப்பா மகன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவளுக்கு உடன்பிறந்த ஆண்பிள்ளை இல்லாததால், எங்கள் மகளை மடியில் உட்கார வைத்துக் காது குத்திய தாய்மாமன் அவன்தான். அவன் கடையைத் தாண்டிப் போய் வேறு கடையில் வாங்கினால், அடுத்த விசேஷத்தில் எனக்கு இலை போடுவார்கள். முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். சடங்கு, சொந்தபந்தம் எல்லாவற்றையும் கேலி செய்து பத்திரிகையில் எழுதுகிறவன், வண்டியை வில்லாபுரத்துக்குத் திருப்பினேன்.

நான் தேர்ந்தெடுத்ததன் பெயரைச் சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டே உள்ளே போனான். நான் படித்த எந்த விமர்சனத்திலும் தலைகாட்டாத ஒரு பெயரோடு திரும்பி வந்தான். எல்லாம் ஒரே ஃபேக்டரியில் செய்வதுதான், ஸ்டிக்கர் மட்டும் வேறு என்றான். இல்லை என்று மறுக்க என்னிடம் மூன்று மாதப் படிப்பு இருந்தது. அதற்குள் டீ வந்துவிட்டது. மச்சினன் வாங்கிக் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு மச்சினனோடு வாதாடுவது எப்படி என்று எந்த விமர்சகரும் எழுதியிருக்கவில்லை. பில் என்று மட்டும் முனகினேன்.

“உங்களுக்கு எதுக்கு மச்சான் பில்லு? நான் எங்க ஓடியா போகப்போறேன்?”

நாவல் உட்பட எல்லாவற்றையும் புதியதில் ஏற்றிக் கொடுத்தான். பழைய டிஸ்க்கை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டான். கேட்ட விதத்திலேயே அவனுக்கு அது தேவை என்று தெரிந்தது. பெரிய மனுஷத்தனமாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

லேப்டாப் பறந்தது. காபி போட அவகாசமே தரவில்லை. அந்த வேகத்தில் நாவலின் கடைசி அத்தியாயத்தையும் முடித்தேன். பங்குனியில் ஒரு காலை பொத்தானை அமுக்கியபோது, டிஸ்க் எதுவும் காணப்படவில்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி. பழையதாவது சாகப்போகிறேன் என்று முனகிக்கொண்டே இருந்தது. இது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மச்சினன் உண்மையாகவே வருத்தப்பட்டான். உள்ளே இருப்பதை இனி எடுக்க முடியாது என்றான். இலவசமாக வேறொன்று போட்டுத் தருவதாகச் சொன்னான், அதே ஸ்டிக்கர். டீ வந்தது. மேசையில் அவன் வீட்டு விசேஷப் பத்திரிகைகள் அடுக்கியிருந்தன, வரவேற்பவர்கள் வரிசையில் என் பெயர் கொட்டை எழுத்தில். அந்த நாவலில் அச்சேறியது எழுதியவன் பெயர் மட்டும்தான். கோபத்தை டீயோடு விழுங்கிவிட்டு, பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டேன். பரவை மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டிக்குக் கேமரா மாட்டியபோது, படம் பதிவாகும் பெட்டிக்குள் அதைப் போட்டுவிட்டானாம்.

போனேன். அதில் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்ற நப்பாசைதான். மண்டிக்காரர் விவரம் கேட்டுவிட்டு, கல்லாவுக்கு மேலிருந்த டிவியைக் காட்டினார். மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு லாரி பின்னால் வந்து நின்றது. என் கதாநாயகி ஊரைவிட்டுப் போகும் பக்கங்களின் மேல்தான் அது நின்றிருக்க வேண்டும். கேமரா மாதக்கணக்காக அழித்து அழித்து எழுதிய இடத்தில் ஒரு வாக்கியம்கூட மிஞ்சாது என்பது நான் படித்ததுதான். இருந்தும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

மண்டிக்காரருக்கு என் முகம் என்ன சொன்னதோ, கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“மாட்டுன நாள்லேருந்து உங்க டிஸ்க்கு ஒரு நிமிசம் நிக்கலண்ணே. இம்புட்டு தூசியிலயும் ஓடுது. நல்லா விவரமாப் பாத்துத்தான் வாங்கியிருக்கீங்க. இன்னொண்ணு வேணும், எந்தக் கடை?”