நீலச் சுவர்

சைனிக்புரி வீட்டின் வெளிச்சுவரை வண்ணக்காரர் ஓரமாகச் சுரண்டி நீர் தெளித்தபோது, பழஞ்சுண்ணாம்பின் மணம் எழுந்தது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பட்டாளத்தில் சேர மறுத்த அண்ணனை, ஓய்வுபெற்ற படைவீரரான அப்பா வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார். அதன்பின் ஆண்டுதோறும் அவரே ஏணியேறி, சுண்ணாம்பில் நீலம் கலந்து பூசினார்.

"எப்பவும் இதே கலர்தானாம்மா?" என்றேன் ஒருமுறை.

"மாத்தினா உங்கண்ணன் வீடு தெரியாம தாண்டிப் போயிடுவான்டி."

அப்பா ஏணியிலிருந்து, "வாளியில இன்னும் கொஞ்சம் நீலம் போடு," என்றார்.

அப்பா, அம்மா இருவரும் மறைந்துவிட்டனர்; இப்போது எனக்கே அறுபது வயது. அண்ணன் வரவேயில்லை.

"நீலம் நக்கோ, வேணாம் அம்மா, இப்ப எல்லாரும் கிரேதான்," என்றார் வண்ணக்காரர்.

"சரி, கிரேயே அடிங்க. ஆனா நாளைக்கு ஆரம்பிங்க."

அன்று இருட்டும்வரை வாசலில் நாற்காலியிட்டு, தெருவில் போகும் முதியவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.