முக்கோணமாக மடித்த பை

என் மேசை இழுப்பறையில், பாஸ்போர்ட்டுகளுக்குக் கீழே, முக்கோணமாக மடித்த பழைய கடைப் பை ஒன்று பல வருடங்களாகக் கிடக்கிறது. தேவையில்லாத எதையும் உடனே குப்பையில் போடுகிறவள் நான். அந்தப் பையைப் போட மட்டும் எனக்குத் துணிவு வரவில்லை.

அப்போது நானும் அம்மாவும் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்கார அங்கிள் தனியாக இருந்தார். இப்போதென்றால் பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட மின்சாரத்துக்கு ஒரு சான்றிதழ், தீப் பாதுகாப்புக்கு ஒரு சான்றிதழ் என்று அலைய வேண்டும். அந்த வீட்டுக்கு அப்படி எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அங்கிள்தான் சான்றிதழ். பனி கொட்டினால், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகைக்குழாய் வாயைத் துப்புரவாக்கிவிட்டுத்தான் தன் வாசலுக்கே வருவார். புகைக்கும் நச்சுவாயுவுக்கும் கத்துகிற அலாரத்தைத் தும்புத்தடியால் குத்திக் கத்த வைத்துப் பார்ப்பார். "தங்கச்சி, உது கத்தினா ஒண்டையும் பாராதேங்கோ, வெளியால ஓடுங்கோ" என்று அம்மாவுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார்!

அம்மாவுக்கும் அந்த அலாரத்துக்கும் ஏழாம் பொருத்தம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் அது தொண்டை கிழியக் கத்தும். அம்மா கதிரையில் ஏறி, கடைப் பை ஒன்றை அதற்கு மாட்டி ரப்பர் பாண்ட் போட்டுவிடுவார். அங்கிள் கண்டால் பொல்லாத கோபம் வரும். ஆனாலும் ஏசாமல் பையைக் கழற்றி, நீளமாக மடித்து, பிறகு முக்கோணம் முக்கோணமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போவார். அதைவிட ஏச்சு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். அம்மாவோ பைகளைக் கசக்கி சிங்குக்குக் கீழே அடைகிற ஆள். நானும் அப்படித்தான்.

மாரிக்குளிர் தொடங்கிய கையோடு அங்கிள் மாரடைப்பில் போய்விட்டார். மேல்வீடு பூட்டிக் கிடந்தது. சில கிழமைகளில் எங்கள் தலைக்கு மேலே நடமாட்டம் கேட்கத் தொடங்கியது. தலையிடி, வயிற்றுப் பிரட்டல், சுவரோரம் யாரோ நிற்பது போல ஒரு நிழல். "அண்ணை போக மனமில்லாமல் நிக்கிறார்" என்று அம்மா முடிவே கட்டிவிட்டார். பிறகென்ன, தினமும் சாம்பிராணிதான். பை அலாரத்திலேயே தங்கிவிட்டது.

ஒரு ஞாயிறு மத்தியானம், சோறு தின்ற மயக்கமாக்கும் என்று இருவரும் படுத்துவிட்டோம். அலாரம் கத்தி எழுப்பியது. என் கால்கள் சொல் கேட்கவில்லை. அம்மா என்னை இழுத்துக்கொண்டு படியேறினார். வெறுங்காலோடு பனியில் போய் விழுந்தோம். தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்தார்கள். குழாய் வாயைப் பனி கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, நச்சுவாயு நாட்கணக்காக உள்ளே திரும்பியிருக்கிறது. நடமாட்டமும் நிழலும் வாயு மூளைக்குச் செய்த வேலை என்றார்கள். இன்னும் கொஞ்சம் தூங்கியிருந்தால் எழும்பியிருக்கவே மாட்டோமாம்.

அந்த விளக்கம் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது, உள்ளே திரும்பிப் போகும் வரைக்கும். அலாரத்தில் பை இல்லை. அது சாப்பாட்டு மேசையில் முக்கோணமாக மடித்துக் கிடந்தது.

"நீயோடி கழட்டினனி?" என்றார் அம்மா.

"நானில்லை அம்மா. நீங்களில்லையோ?"

அம்மா அன்றைக்கே சாமான்களைக் கட்டினார். மயக்கத்தில் அம்மாதான் செய்திருப்பார் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். பயமா நன்றியா என்று கேட்டால், இரண்டும்தான்.

இப்போது அஜக்ஸ் நகரில் என் வீட்டு பேஸ்மென்ற்றில் மட்டக்களப்புப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வாடகைக்கு இருக்கிறாள். போன கிழமை சான்றிதழுக்காகப் பரிசோதகர் வருவதாக இருந்தது. முதல்நாள் கீழே போய்ப் பார்த்தால் அலாரத்தில் பை! குழந்தையை முழுக வார்த்துச் சாம்பிராணி காட்டினாளாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் நன்றாக ஏசிவிட்டேன். "இப்பவே கழட்டுறன் அன்ரி" என்றாள்.

மறுநாள் காலை பரிசோதகரோடுதான் நான் கீழே இறங்கினேன். அலாரத்தில் பை இல்லை. அவளுடைய மேசையில் ஒரு முக்கோணம் இருந்தது.

"புள்ள அழுததில நான் மறந்தே போயிட்டன். நீங்கதானே வந்து கழட்டி, இவ்வளவு வடிவா மடிச்சு வச்சீங்க, அன்ரி?" என்றாள்.

பரிசோதகர் பொத்தானை அழுத்தினார். அலாரம் கத்தியது. குழந்தை வீரிட்டு அழுதது.

"ஓம் பிள்ளை, நான்தான்" என்றேன். அந்த முக்கோணத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்து, இழுப்பறையில் பழையதற்குப் பக்கத்தில் வைத்தேன்.