ஓர மேசை

மலேசியாவில், எங்கள் ஈப்போ தொழிற்சாலையில் அந்த அம்மா மனிதவள அதிகாரி. கேண்டீனில் என்றும் ஓர மேசையில், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தனியாகச் சாப்பிடுவார்.

நான் தினமும் தாமதம் என்று விரல் ரேகை மெஷின் காட்டியது. சூப்பர்வைசர் என்னை வேலையிலிருந்து நிறுத்தச் சொன்னார். அந்த அம்மாவோ மூன்று நாள் காலையில் வாசலில் வந்து நின்றார். முன்பு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டித் தேய்ந்த என் கட்டைவிரலை மெஷின் ஏற்க எத்தனை நிமிடமாகிறது என்று எழுதிக்கொண்டார். என் வேலை தப்பியது.

நன்றி சொல்லத் தட்டோடு அவர் மேசைக்குப் போனேன்.

"அங்க போய் உக்காருங்கண்ணே. நான் உங்க ஆளுன்னு பேச்சு வந்தா, அடுத்தவங்களுக்கு நான் எழுதுறத யாரு நம்புவா?"

என் கூட்டாளிகளிடம் திரும்பினேன்.

"திமிரு புடிச்ச பொம்பள லா," என்றார்கள்.

நானும் சிரித்தேன். அவருக்குக் கேட்டிருக்கும்.