மூன்றடித் தண்ணீர்

எனக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் போகும். புத்தி சாவகாசமாகப் பின்னால் வரும்.

என் மனைவி ஆசைப்பட்டு இரண்டு ஆக்சலாட்டல் வாங்கி வந்தாள். கழுத்தோரம் சிவந்த செவுள் கொத்தும் நான்கு காலுமாக, தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் பிராணி. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. "தொட்டி நீளமா பாத்து வாங்குங்க. இதுங்க தரையிலதான் நடக்கும், உயரம் வேணாம்" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் என்னைத் தஞ்சாவூருக்கு அனுப்பினாள்.

நான் கேட்டால்தானே? மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே நாற்று விடும் ஊர் எங்களுடையது. தண்ணீர் என்றால் எங்களுக்கு உயரம்தான். ஒன்றரை அடித் தரையில் மூன்றடி உயரத்துக்கு நின்ற தொட்டியைக் கடையில் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. "மூணு அடி நிக்கும்டி!" என்று பெருமையாக இறக்கி வைத்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

நான்காம் நாள் காலையில் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. சின்னதற்கு ஒரு முன்னங்காலைக் காணோம். செவுள் கிழிந்து தொங்கியது. மேலே அவ்வளவு தண்ணீர் சும்மா நிற்க, அடியில் ஒரு மூலையில் அது ஒடுங்கியிருந்தது. பெரியது மறுபடியும் பாய்ந்தது. இன்னொரு கடி விழுந்தால் சின்னது செத்துவிடும். தலையும் தோளும் முங்கக் கையை விட்டுப் பெரியதைப் பிடித்து வெளியே எடுத்தேன். தரையில் அறைய ஓங்கினேன்.

மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை ஏங்க கொல்றீங்க? இடம் பத்தலை, கடிக்குது. அரை அடி வரப்புக்கு நீங்க உங்க தம்பி விரலை வெட்டலையா?"

வெட்டியிருக்கிறேன். எங்கள் இருவர் வயலுக்கும் நடுவிலுள்ள வரப்பை அவன் அரை அடி வெட்டித் தன் வயலோடு சேர்த்துக்கொண்டான் என்று மண்வெட்டியை ஓங்கினேன். தடுக்க வந்த கையில் விழுந்தது.

இரண்டையும் தனித்தனி வாளியில் விட்டோம். பிறகு அதே மண்வெட்டியை எடுத்து வந்து தொட்டியை நொறுக்கினேன். கண்ணாடி தெறித்து என் காலில் ரத்தம் கொட்டியது. கொட்டட்டும் என்று நின்றேன்.

இப்போது நான்கடி நீளத் தொட்டி, நடுவில் தடுப்பு. சின்னதற்குக் கால் திரும்ப முளைத்துவிட்டது. அந்தப் பிராணி வாங்கி வந்த வரம் அப்படி. மனைவி கூப்பிட்டுக் காட்டியபோது எனக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வந்தது.

தம்பி தினமும் எங்கள் வாசல் வழியாகத்தான் பைக்கில் போகிறான். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் இடது கையில் நான்கு விரல்தான்.