முனியப்பனுக்குச் சொன்ன முடி

தலையணையில் நாலு முடி கிடப்பது எல்லார் வீட்டிலும் உண்டுதான். என் தங்கை கலைமணி அன்று காலையில் கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றதோ ஒரு பிடி. பின்னந்தலையில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு வழவழவென்று வெறும் தோல்.

அவள் சடை இடுப்புக்குக் கீழே தொங்கும். ஜலகண்டாபுரத்தில் அவளைத் தெரியாதவர்களுக்கும் அந்தச் சடை தெரியும். முந்தின கோடையில் அவள் புருஷன் சின்னராஜ் ஓட்டிப்போன, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வடக்கே எங்கேயோ கவிழ்ந்து, அவர் நினைவில்லாமல் கிடந்தார். ஆள் உயிரோடு வந்தால் முடியைத் தருகிறேன் என்று மேட்டூர் முனியப்பனிடம் வேண்டிக்கொண்டாள். ஆள் வந்துவிட்டார். முறிந்த கால் கூடி நடக்கத்தான் மாதக்கணக்கானது. இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கொடுப்போம் என்று காத்திருந்தாள். அதற்குள் இந்தக் கூத்து.

பார்த்தவர்களெல்லாம் புழுவெட்டு என்றார்கள். சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்த்துத் தேய்த்துத் தோல் எரிந்ததுதான் மிச்சம். ஒன்று நாலாயிற்று. செவ்வாய்ப்பேட்டையில் அவள் வேலை பார்த்த துணிக்கடையில், இது ஒட்டுவாரொட்டி என்று எவரோ கொளுத்திப் போட, முதலாளி அவளைக் குடோனுக்குத் தள்ளிவிட்டார். நான் நேரில் போய் அந்த மனுஷனை நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அவளுக்குக் கடையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "முனியப்பனுக்குச் சொன்ன முடி அக்கா. குடுக்காம உட்டு அவருக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?" என்று அழுதாள்.

சேலத்தில் தோல் டாக்டர் அறிவுமதியிடம் கூட்டிப்போனேன். புழுவும் இல்லை, ஒட்டவும் ஒட்டாது என்றார் அவர். ரத்தத்தில் காவலுக்கென்றே வெள்ளணுக்கள் இருக்கின்றன; வெளியிலிருந்து வரும் கிருமியை அடிப்பது அவற்றின் வேலை; இவளுக்கு அவை ஆள் தெரியாமல் முடியின் வேரையே சூழ்ந்துகொண்டு அடிக்கின்றன என்று விளக்கினார்.

"அப்ப என்ர ஒடம்பேதானுங்களா என்னை இப்படிப் பண்ணுது?" என்று கேட்டாள் கலைமணி.

ஆமாம் என்று தலையாட்டிய டாக்டர், வேர் இன்னும் சாகவில்லை என்றும் சொன்னார். அந்தச் சொல்லைத்தான் இவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் சொட்டை விழுந்த இடங்களிலேயே சின்னச் சின்ன ஊசி போட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு என் கையை நசுக்குவாள். அதற்கும் அடங்காமல் தலை முழுக்கக் கொட்டித் தீர்ந்தது. பெற்ற அம்மாவே ஒரு கணம் அடையாளம் தெரியாமல் திகைத்து நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. பிறகு காசநோய் இருக்கிறதா என்று பார்த்து, ரத்தமும் சோதித்து, மாத்திரை கொடுத்தார்கள். வேரை அடி என்று அந்த அணுக்களுக்குப் போகிற உத்தரவை நடுவழியில் மறிக்கிற மாத்திரையாம். நிறுத்தினால் மறுபடியும் கொட்டலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஒரு விரற்கடை வளர்ந்தால் போதும் என்றாள் இவள்.

வளர்ந்தது. முதலில் வெள்ளை வெளேரென்று பூனைமயிர். முப்பத்திரண்டு வயதில் நரையா என்று நான் அடுத்த அதிர்ச்சியில் இருக்க, போகப்போகக் கறுப்பும் சேர்ந்தது. சரியாக ஒரு விரற்கடை வந்ததும், மேட்டூருக்குப் போகலாம் என்று கிளம்பிவிட்டாள்.

"உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? ஊசியும் மாத்திரையுமா வளத்ததை வழிச்சுப் போடறதா?" என்று கத்தினேன். சின்னராஜும் வேண்டாம் என்று கெஞ்சினார். மொட்டை அடிப்பதால் வேருக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தாள் கள்ளி.

கோயிலில் மொட்டையடிப்பவர் அவள் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, இதில் என்னத்தை எடுப்பது என்று தயங்கினார். இருக்கிறதை எடுங்கள் என்று தலையைக் குனிந்தாள். சின்னராஜ் பக்கத்திலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு எழுந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும், ஒரு வருஷமாக வெளியே கிளம்பினால் அவள் தலையை விட்டு இறங்காத துப்பட்டாவை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "வேண்டுதலுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றாள் கலைமணி, அவர் முகத்தை நேராகப் பார்த்து.