மெதுவாக்காரர் கார் வாங்கிய கதை

என் அக்கா வீட்டுக்காரரைக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மெதுவாக்காரர் என்றால்தான் தெரியும். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் கடை அவருடையது. பெரிய கண்ணாடியை இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு போனால், பக்கத்திலேயே நடந்து "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருவார். கண்ணாடி வேனில் ஏறிய பிறகும் வாய் நிற்காது. வீட்டில் தம்ளரில் தண்ணீர் ஊற்றினாலும் "மெதுவா" என்பார். தண்ணீருக்கு என்ன அடிபடப்போகிறது என்று ஒருநாள் கேட்டேன். "மெதுவா பேசு மாப்ள" என்றார்.

சிரிப்பதற்கு இவ்வளவுதான். அவர் பயம் சும்மா வந்த பயம் இல்லை. அத்தானுக்கு ஒரே மகள். சிட்டு என்று கூப்பிடுவோம். அவளுக்கு எலும்பு சீக்கிரம் உடைந்துபோகிற நோய், பிறவியிலேயே வந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது சட்டை மாட்டிவிட்டதில் தோள்பட்டை எலும்பு போனது. ஒருமுறை தும்மியதில் விலா எலும்பு விட்டது. தும்மி எலும்பு உடையுமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு உறவுக்காரர்கள் என்றாலே அலுத்துப்போய்விட்டது.

கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் கண்ணாடியே கிடையாது. ஜன்னல்களில் பிளாஸ்டிக் தகடு. மேசை முனைகளில் ஸ்பாஞ்சு. இருந்த ஒரே முகம் பார்க்கிற கண்ணாடியையும் ஆணியடித்து உயரத்தில் மாட்டியிருந்ததால், தலை வாரும்போது என் அக்காவுக்கு நெற்றிக்கு மேல்தான் தெரியும். சிட்டுவை அவர் உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார். பேச்சுக்குச் சொல்லவில்லை. கையையோ காலையோ பிடித்துத் தூக்கக் கூடாது, விரித்த உள்ளங்கைகளை அடியில் கொடுத்துத்தான் தூக்க வேண்டும் என்று எலும்பு டாக்டரம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். அத்தான் அதை எனக்கும் ஒரு தலையணையை வைத்துப் பழக்கினார். நான் தலையணையின் ஓரத்தைப் பிடித்ததற்கு அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

இத்தனை வருடம் சிட்டு வீட்டிலேயே படித்தாள். ஆறாம் வகுப்புக்கு ஒரு பள்ளிக்கூடம் அவளைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தது. சக்கர நாற்காலி போக சாய்தளம், கீழ்த்தளத்தில் வகுப்பு எல்லாம் இருந்தன. தூரம்தான் அதிகம். பஸ்ஸில் அவளை ஏற்ற முடியாது. கார் இருந்தால் பள்ளிக்கூடம், இல்லையென்றால் மறுபடியும் அதே ஜன்னல், அதே பிளாஸ்டிக் தகடு. சிட்டு அதைத் தினமும் சொல்லிக் காட்டவில்லை. புத்தகப்பையை மட்டும் கட்டில் காலில் மாட்டி வைத்திருந்தாள்.

கார் எதுவென்று முடிவாகிவிட்டது. நாற்காலியை மடித்து வைக்க இடம் இருந்த கார் அது ஒன்றுதான். ஆனால் அதே காரில் இரண்டு வகை சஸ்பென்ஷன் வைத்திருந்தான் அந்தக் கம்பெனிக்காரன். ஸ்போர்ட் என்று ஒன்று, ஸ்டாண்டர்ட் என்று ஒன்று. முதலாவதில் ஸ்பிரிங் கடினம், வண்டி கொஞ்சம் தாழ்வு, வளைவில் ஆடாது. இரண்டாவது மெத்தென்று போகும், ஆனால் திருப்பத்தில் சாயும். ஊரில் மற்றவர்கள் இதைச் சொகுசு பார்த்து முடிவு செய்வார்கள். எங்கள் வீட்டில் அப்படி முடிவு செய்ய முடியுமா? தவறாகத் தேர்ந்தெடுத்தால் மாவுக்கட்டு.

"ஸ்போர்ட்டுதான்" என்றார் அத்தான். "நம்ம கடை வேன்ல ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்கும். இத்தனை வருஷத்துல வழியில ஒரு கண்ணாடி உடைஞ்சிருக்கா? நிக்கவெச்சு, இறுக்கிக் கட்டுனா எதுவும் ஆகாது. ஆடவிட்டாத்தான் உடையும்."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ என்ன ஷோகேஸா, கட்டிக் கொண்டுபோக? ஒவ்வொரு குழிக்கும் புள்ள அதிர்ந்து அதிர்ந்து விழும். மெத்துன்னு இருக்கிறதே போதும்."

"மெத்துன்னு இருக்கும். திருப்பத்துல கதவுல போய் மோதுவா."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் மதில்மேல் பூனை. அத்தான் சொன்னபோது அதுதான் சரி என்று பட்டது. அக்கா சொன்னபோது ஐயோ, இதுவல்லவா சரி என்று பட்டது. தெரிந்த மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் ஒன்று சொன்னார், அவர் தம்பி வேறொன்று சொன்னார். கடைசியில் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடலாம், சிட்டுவையும் கூட்டிக்கொண்டே போகலாம் என்று முடிவானது. அன்று காலை அத்தான் சாப்பிடவில்லை. கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். எனக்கும்தான் சரியில்லை.

அவசரத்துக்கு யாரிடமாவது கார் இரவல் வாங்கினால், அதற்குள் எங்கள் வீட்டுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மகள் உள்ளே இருந்தால் அத்தான் ஓட்ட மாட்டார், கால் நடுங்கும். எனவே நான் ஓட்டுவேன். அக்கா சாலையைப் பார்த்து "குழி", "மேடு" என்று முன்கூட்டியே சொல்வாள். அத்தான் சிட்டுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பெல்ட்டின் மேல் விரித்த கையை வைத்திருப்பார். டாக்ஸியில் மருத்துவமனைக்குப் போகும்போதுகூட ஓட்டுநர் பக்கத்தில் அக்கா உட்கார்ந்து குழி சொல்வாள். பாதி ஓட்டுநர்கள் எங்களை இறக்கிவிடும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

ஷோரூமில் டை கட்டிய ஒரு தம்பி வந்தான். முன்சீட்டில் அவன் உட்கார வேண்டும் என்பது கம்பெனி விதியாம். எனவே அக்கா பின்னால் போனாள். சிட்டு நடுவில், இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் அப்பா. அவளைச் சுற்றி நாங்கள் கொண்டுபோன ஸ்பாஞ்சு.

முதலில் ஸ்போர்ட். "சார், இது ரோட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கும்" என்றான் தம்பி. கெட்டியாகப் பிடிக்கும் என்றதும் அத்தான் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் நத்தை வேகத்தில் ஓட்டினேன். ஆனாலும் சாலையில் ஒட்டுப்போட்ட இடமெல்லாம் என் முதுகில் தெரிந்தது. எனக்கே அப்படி என்றால் அவளுக்கு? கண்ணாடியில் பார்த்தேன். சிட்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா "மேடு, மேடு" என்று சொல்லச் சொல்ல அவள் உடம்பு முன்கூட்டியே விறைத்தது. வேகத்தடையை ஏறி இறங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. திருப்பத்தில் கார் துளிகூடச் சாயவில்லை.

"பாத்தியா?" என்றார் அத்தான், அக்காவிடம். அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

அடுத்தது ஸ்டாண்டர்ட். அதே சாலை. ஒட்டுப்போட்ட இடங்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. வேகத்தடையில் கார் மெல்ல எழுந்து மெல்ல அமர்ந்தது. சிட்டு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தாள். நான்கூட மூச்சு விட்டேன். அப்போது ரவுண்டானா வந்தது.

நான் வேகமாகப் போகவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் கார் சாய்ந்தது. உட்கார்ந்திருந்த எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிந்தோம். சிட்டுவும் சரிந்தாள், பெல்ட்டும் ஸ்பாஞ்சும் அவளைத் தாங்கின. பின்னாலிருந்து "மெதுவா" என்று குரல் வந்தது. கூடவே குச்சி முறிகிறது போல ஒரு சின்னச் சத்தம்.

நாற்பது பேர் பேசிக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்.

"மாமா, ஓரமா நிறுத்துங்க" என்றாள் சிட்டு. அழவில்லை. மூச்சை மட்டும் பாதியில் பிடித்து வைத்திருந்தாள். "கை."

நிறுத்தினேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் முன்சீட்டுத் தம்பியிடம் கத்த ஆரம்பித்தார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "அப்பவே சொன்னேன், இது படகு மாதிரி ஆடும்னு. இந்த வண்டியைப் போய் விக்கிறீங்களே, உங்களுக்கெல்லாம் புள்ளகுட்டி இல்லையா?" அந்தப் பையன் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தான்.

"கார் இல்லப்பா" என்றாள் சிட்டு.

"பின்ன என்ன?"

சிட்டு தன் வலது தோளுக்குக் கீழே பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். அத்தானின் விரல்கள் ஐந்தும் அவள் மேல்கையைச் சுற்றி இறுகியிருந்தன. கைமாறும்போது சரியப்போகும் கண்ணாடியை அவர் அப்படித்தான் எட்டிப் பிடிப்பார். இத்தனை வருடம் விரித்தே வைத்திருந்த கை, அந்த ஒரு சாய்வில் தன் தொழிலுக்குத் திரும்பிப் போய்விட்டது. இன்னமும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். விட்டால் இன்னும் என்ன ஆகுமோ என்று விடவும் பயம். அக்காதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

அந்தக் காரிலேயே மருத்துவமனைக்குப் போனோம். வழியெல்லாம் அக்கா குழி சொல்லவில்லை. அத்தான் இரண்டு கைகளையும் தன் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எப்படி ஆச்சு என்று கேட்டார்.

"நான்தான் உடைச்சேன்" என்றார் அத்தான்.

"இதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை ஆகியிருக்கு, இதுவும் கூடிடும்" என்று டாக்டரம்மா சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது. அத்தான் மகளைத் தொடுவதை நிறுத்திவிட்டார். அவள் இருக்கும் அறைக்குள் வந்தால் சுவரோரமாக நிற்பார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. கடையில் கண்ணாடி வெட்டும்போது கோடு கோணிக்கொண்டு போனது. நல்ல நல்ல கண்ணாடிகள் வீணாயின. கார் வேண்டாம் என்றார். பள்ளிக்கூடமும் வேண்டாம், உயிரோடு வீட்டில் இருந்தால் போதும் என்றார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. இவர் தன்னோடு சேர்த்துப் பெண்ணையும் அடுப்பங்கரைப் பக்கம் விட மாட்டேன் என்றார்.

கட்டில் காலில் மாட்டியிருந்த புத்தகப்பையை அக்கா எடுத்துப் பரண்மேல் வைக்கப் போனாள். அப்போதுதான் சிட்டு வாயைத் திறந்தாள். நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அதை அங்கயே வைம்மா" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். "மெக்கானிக்கைக் கேட்டீங்க. அவர் தம்பியைக் கேட்டீங்க. அந்த டை கட்டின அண்ணனைக் கேட்டீங்க. ரெண்டு கார்லயும் உக்காந்தது நான். என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எனக்கு உரித்த சுளையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"முதல் கார்ல ஒவ்வொரு கல்லும் எலும்புக்குள்ள வந்துட்டுப் போச்சு. தினமும் அதுல போனா பாதி நாள் கட்டோடதான் இருப்பேன். ரெண்டாவது ஆடுது. ஆடுனா ஆடிட்டுப் போகட்டும், அந்த ஆட்டம் எனக்கு வலிக்கல. நீங்க பிடிச்சதுதான் வலிச்சுது."

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அத்தான் அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவள் விடவில்லை. "ஸ்டாண்டர்ட் வாங்குங்க. நீங்க முன்னாடி உக்காருங்க. அம்மா பின்னாடி இருக்கட்டும். யாரும் குழி சொல்லக் கூடாது. சொன்னாத்தான் நான் விறைச்சுக்கறேன்."

"உனக்கு எதாவது ஆச்சுன்னா?" என்றார் அத்தான். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஆகும்பா. வீட்ல இருந்தாலும்தான் ஆகும். தும்முனப்போ வீட்லதானே இருந்தேன்?"

ஸ்டாண்டர்ட் வாங்கினோம். சாவியை வாங்கும்போது அத்தான் முகத்தில் சந்தோஷம் இருந்தது என்று சொன்னால் பொய். தூக்குக்கயிற்றை வாங்குகிற மாதிரி வாங்கினார்.

முதல் நாள் பள்ளிக்கூடம். சிட்டுவின் வலது கையில் கட்டுப் பிரித்து, துணிப்பட்டை போட்டிருந்தார்கள். நான் ஓட்டினேன், அத்தான் முன்சீட்டில், அக்காவும் சிட்டுவும் பின்னால். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு குழியும் சொல்லாமல் வந்தாள். ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போனார். அத்தான் அதற்கும் "மெதுவா" என்றார்.

ரவுண்டானா தெரிந்தது. வேறு வழியாகப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். வேறு வழி கிடையாது. கார் திரும்ப ஆரம்பித்ததும் அத்தானின் கை இரண்டு சீட்டுக்கும் நடுவே பின்னால் போனது. தானாகப் போனது. பாதி தூரம் போனதும் அதற்கே நினைவு வந்ததுபோல அந்தரத்தில் நின்றது. முன்னால் இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை அவரால்.

"எடுக்காதீங்கப்பா" என்றாள் சிட்டு. "அப்படியே விரிச்சு வைங்க. நீங்க பிடிக்க வேணாம், நான் பிடிச்சுக்கறேன்."

அவள் இடது கை அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. கார் சாய்ந்தது. நாங்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிந்து, மறுபடி நிமிர்ந்தோம். ஒரு சத்தமும் இல்லை.

ரவுண்டானாவைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகும் அத்தான் அந்தக் கையை எடுக்கவில்லை. தோள் வலித்திருக்கும். விரல் ஒன்றைக்கூட மடக்காமல், பள்ளிக்கூட வாசல்வரை அப்படியே வைத்திருந்தார்.